நாற்பது பீப்பாய்

உள்ளங்கை அகலம் வாய், ஒன்றரைக் கிலோமீட்டர் தொண்டை. எதையும் விழுங்காது, கக்கிக்கொண்டே இருக்கும். என்னவென்று சொல்லுங்கள் பார்ப்போம். எண்ணெய்க் கிணறு. பரப்பனூர் வயல்களுக்கு நடுவே அப்படி ஒன்று இருந்தது. உத்திராபதி, பக்கிரிசாமி, சிங்காரவேலு மூவரும் அதைப் பார்த்துக்கொண்டார்கள்.

நாளுக்கு நாற்பது பீப்பாய் கொடுத்த கிணறு எட்டுப் பீப்பாய்க்கு இறங்கிவிட்டது. பொறியாளர் வாசுகி திங்கட்கிழமை வந்து, குழாயில் ஒரு துண்டை வெட்டிக் காட்டினார். உள்ளே சுண்ணாம்புப் பொருக்கு கல்லாகப் படிந்து, சுண்டுவிரல் நுழையும் ஓட்டைதான் மிச்சம் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பழைய நாற்பது வராவிட்டால் கிணற்றை மூடிவிடுவார்கள், மூவரும் ராஜஸ்தான் எண்ணெய்க் கிணறுகளுக்கு மாற்றலாகிப் போகவேண்டியதுதான் என்றார்.  உத்திராபதி தன் மகள் கயல்விழியை அந்த மாதம்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தான்.

"பயப்படாதீங்க. பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்குற மாதிரிதான்," என்ற வாசுகி, ஊற்றி, ஊறவிட்டு, வெளியே எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பொருக்கைக் கரைக்க வாசுகி அனுப்பிய அமில லாரி வந்தது. வாசுகி அம்மா சொன்னது புளி என்று உத்திராபதி அதைத் திருப்பி அனுப்பிவிட்டான். சந்தையில் இருந்த புளி முழுவதும் கிணற்றடியில் வந்து இறங்கியது.

"கொட்டையோட போட்டா உள்ளே மரம் முளைச்சிடும்ண்ணே," என்றான் பக்கிரிசாமி.

"முளைக்கட்டுமே. அடுத்த தடவை புளி வாங்க வேணாம்ல," என்றான் சிங்காரவேலு.

உத்திராபதி கிணற்று வாய்க்குள் எட்டிப் பார்த்தான். "அவ்வளவு ஆழத்துல எவன்டா இறங்கி மரத்தை உலுக்குறது?"

மூவரும் உட்கார்ந்து கொட்டை எடுத்தார்கள். இரண்டு நாள் ஆனது. உப்புப் போடலாமா என்று சிங்காரவேலு கேட்டான். அம்மா உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று மற்ற இருவரும் மறுத்துவிட்டார்கள். நாற்பது பீப்பாய் புளிக்கரைசல் உள்ளே போனது.

வெள்ளிக்கிழமை காலை பம்பை ஓட்டினார்கள். எண்ணி நாற்பது பீப்பாய் வந்தது. உத்திராபதி வாசுகிக்குப் போன் போட்டான். அப்பாவின் வெற்றியைப் பார்க்கட்டும் என்று மகளையும் கூட்டிவந்தான்.

வாசுகி ஒரு பீப்பாயைத் திறந்து மோந்து பார்த்தார். "இது நீங்க ஊத்தினதுதானே?"

"நாப்பது கேட்டீங்க, நாப்பது இருக்குங்கம்மா."

"நான் எண்ணெய் கேட்டேன்."

மேலே நாலு விரல் கனத்துக்கு மிதப்பது பிறகு என்னவாம் என்று பக்கிரிசாமி கேட்டான். வாசுகி விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தார்.

உத்திராபதியே வழக்கைத் தீர்க்க வழி சொன்னான். பச்சைப்பிள்ளை பொய் சொல்லாது. அவள் எண்ணெய் என்றால் இங்கேயே இருக்கிறோம், இல்லையென்றால் இன்றைக்கே ரயில் ஏறுகிறோம். வாசுகியும் சரி என்றார். அவன் மகளைப் பீப்பாய்க்கு மேலே தூக்கிப் பிடித்தான்.

"நல்லாப் பாத்துச் சொல்லு தங்கம். இது எண்ணெயா, குழம்பா?"

கயல்விழி குழம்பு என்றாள்.