நாலாவது ஆள்

“அம்மா, சிவக்கொழுந்தைப் படகில் ஏற்றி அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் நான் போகிறேன்.”

இப்படிச் சொன்னவர் மூத்த சீடர் மாசிலாமணி.

அது வடகடலின் கடைசித் தீவு. ஆள் இல்லை, மரம் இல்லை. எப்போதோ நெருப்பாய் வழிந்து ஆறிப்போன கரும்பாறை. மூன்று பக்கமும் செங்குத்துச் சரிவு. தெற்கே ஒரு சின்ன வளைவில்தான் படகு ஒதுங்கும்.

தவம் இருக்க வந்தவர்கள் மூன்றே பேர். குரு தில்லைநாயகி அம்மா, அவருடைய சீடர்கள் இருவர். அன்று படகு வருகிற நாள்.

அம்மா மாசிலாமணியைவிட இளையவர். “அவன் என்ன செய்தான், ஐயா?” என்றார்.

“கல்லை நகர்த்துகிறான். அந்த மேட்டைப் பாருங்கள், வட்டம் வட்டமாய்க் கல். ஒரு கல்லில் கரியால் குறி போட்டேன். காலையில் பார்த்தால் இடம் மாறிக் கிடக்கிறது. ஏதோ மாந்திரீகம் பண்ணுகிறான்.”

“கண்ணால் பார்த்தீர்களா?”

“இல்லை. மூன்று நாளாய்ச் சாயங்காலம் அதைச் சுற்றி மாவு தூவுகிறேன். ஒரு காலடிகூட விழவில்லை. பலே கைகாரன்!”

அம்மா சிரிக்கவில்லை. எழுந்து அந்த மேட்டுக்கு நடந்தார்.

மாவு கலையாமல் கிடந்தது. நடுவே குறி போட்ட கல் மட்டும் ஒரு விரற்கடை தள்ளியிருந்தது.

அம்மா கல்லைத் தூக்கினார். அடியில் ஈர மண்ணிலிருந்து பனி முளைத்து நின்றது. இடியாப்ப இழை மாதிரி, மெல்லிசாய், நூறு நூறாய். வெயில் பட்டதும் ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது.

“குளிரில் இந்தப் பனிதான் கல்லைத் தூக்குகிறது. உருகும்போது தள்ளி இறக்குகிறது. நமக்கு முன்னாலிருந்தே இந்த வேலைதான்.”

மாசிலாமணி குனிந்தார். மாவை அளைந்து, மண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

“இதுவும் அவன் ஏற்பாடாக இருக்கக் கூடாதா, அம்மா?”

அப்போது சிவக்கொழுந்து ஓடி வந்தான். கையில் மாவு டப்பா.

“அம்மா! மூன்று நாளாய் மாவு குறைகிறது. யாரோ எடுக்கிறார்கள்!”

“இருப்பதே மூன்று பேர். யார் எடுப்பார்கள்?”

“நீங்கள் எடுக்க மாட்டீர்கள். அண்ணன் எடுக்கவே மாட்டார்.” சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “இங்கே நாலாவது ஆள் ஒருத்தன் இருக்கிறான், அம்மா. அண்ணனைத் தனியாய் வெளியே விடாதீர்கள்.”

மாசிலாமணி வெள்ளையான கையைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டார்.

தெற்கே படகுக்காரர் சங்கு ஊதினார்.

“படகு வந்துவிட்டது, ஐயா. யாரை ஏற்றட்டும்?” என்றார் அம்மா.

மாசிலாமணி கையை வெளியே எடுத்து, இருவர் முன்னும் விரித்துக் காட்டினார்.

“அந்த நாலாவது ஆளை, அம்மா.”