ரெட்டைப் புள்ளியில் திரும்பிய கல்யாணம்

பனையடிபுரம் பாடற்குழுவில் மூன்று பேர்: தொபியாஸ், எஸ்தாக்கி, லூர்தையா. மூவரும் தங்கமான மனுஷர்கள். எதைச் சொன்னாலும் எழுத்து மாறாமல் செய்வார்கள். ஊருக்கு அதுதான் பயம்.

தொபியாஸின் தங்கை செலினுக்குக் கல்யாணம். மணமக்கள் மண்டபத்துக்குள் நடந்து வரும்போது அண்ணன் கிட்டார் வாசிப்பதாக ஏற்பாடு. மாப்பிள்ளை வீட்டார் டவுன்காரர்கள். அவர்கள் முன்னால் மானம் போய்விடக் கூடாதே!

கிட்டார் சொல்லிக்கொடுக்கும் கில்பர்ட் மாஸ்டர் தன் கிட்டாரைக் கொடுத்தார். "கழுத்துல குறுக்கே கம்பி பதிச்சு, கட்டம் கட்டமா இருக்கு பாருங்க. மூணு, அஞ்சு, ஏழு, ஒம்பதாவது கட்டத்துல ஒவ்வொரு புள்ளி. கை எங்க இருக்குன்னு தெரியத்தான் புள்ளி. அதைப் பார்த்து வாசிங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

"மாஸ்டருக்குக் கை எங்க இருக்குன்னு தெரியலியாம், பாவம்" என்றான் எஸ்தாக்கி. "எனக்கெல்லாம் தோள்லயே இருக்கு."

புள்ளிகளோ கழுத்தின் முன்பக்கம். அதைப் பார்ப்பதற்காக தொபியாஸ் கிட்டாரைத் தன் பக்கம் திருப்பி, வயிற்றோடு அணைத்துக்கொண்டான். தந்தி சட்டைப் பித்தானில் மாட்டியதுதான் மிச்சம். லூர்தையா சலூனுக்கு ஓடி ஒரு கண்ணாடி வாங்கி வந்து எதிரே பிடித்தான்.

"இப்ப புள்ளி தெரியுதா?"

"தெரியுது. ஆனா உள்ள இருக்கிறவன் இடது கைக்காரன்லே. வேற கண்ணாடி கொண்டா."

எஸ்தாக்கிக்கு ஒரு கவலை வந்தது. "புள்ளி இல்லாத கட்டத்துல வெச்சா, கை தொலைஞ்சு போகுமோ?"

மூவரும் தங்கள் கைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பக்கத்து வீட்டில் ஸ்டிக்கர் பொட்டு வாங்கி, காலியாக இருந்த கட்டத்துக்கெல்லாம் ஒட்டினார்கள். இப்போது ஐந்தாவது எது, எட்டாவது எது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் கைக்கு ஆபத்தில்லை.

கல்யாணத்தன்று வந்த மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு பொட்டுகளை உரித்தார். "கழுத்தோட மேல் விளிம்புலயும் சின்னச் சின்னப் புள்ளி இருக்கே! குனிஞ்சு பார்த்தா போதாதா? இதோ, பன்னிரண்டாவது கட்டத்துல மட்டும் ரெட்டைப் புள்ளி. அங்க வந்தா, ஆரம்பிச்ச சுரமே திரும்ப வரும்." சொல்லிவிட்டுப் பிரியாணிப் பந்திக்குப் போய்விட்டார்.

செலினும் மாப்பிள்ளையும் நடந்து வந்தார்கள். தொபியாஸ் அருமையாகவே வாசித்தான். அவர்கள் மேடையை நெருங்கும்போது விரல் ரெட்டைப் புள்ளியைத் தொட்டது.

"நில்லுங்க!" என்று எஸ்தாக்கி கத்தினான். "ரெட்டைப் புள்ளி! ஆரம்பிச்ச இடத்துக்கே திரும்பணும்!"

ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று மாப்பிள்ளை மரியாதையாகத் திரும்பினார். மறுபடி வந்தார்கள். மறுபடி ரெட்டைப் புள்ளி. மாப்பிள்ளை வீட்டார் தூவிய பூ தீர்ந்து, வெறுங்கையை வீசத் தொடங்கினார்கள். புது ஷூ கடித்து மாப்பிள்ளை நொண்டினார். அவர்கள் மறுபடி வாசலில் நிற்கும்போது தந்தி அறுந்தது.

"பாட்டில்லாம பொண்ணு மாப்பிள்ளையை உள்ள கூப்பிடறது மரியாதை இல்லை" என்றான் லூர்தையா.

"அப்ப நாமதான் அங்க போகணும்" என்றான் தொபியாஸ்.

நாற்காலிகள் போயின. மேடையைக் கழற்றி நாலு பேர் தூக்கிப் போனார்கள். பிரியாணி அண்டாவும், அதன் பின்னாலேயே மாஸ்டரும் தெருவுக்கு வந்து சேர்ந்தார்கள். கைகுலுக்கல், போட்டோ எல்லாம் தெருவிலேயே அமோகமாக நடந்தது.

வெயில் ஏறியதும் மாப்பிள்ளை மெல்லக் கேட்டார். "இனியாவது உள்ள போகலாமா?"

எஸ்தாக்கி மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, வருத்தத்தோடு தலையாட்டினான்.

"உள்ள போய் என்ன பண்ணப் போறீங்க, மாப்பிள்ளை? கல்யாணத்துக்கு ஒருத்தர்கூட வரலையே!"