நாரைக்குச் சிவப்புப் பொட்டு

இறந்த உயிர்களுக்குப் பஞ்சடைத்துப் பாடம் செய்வதில் பரிமளா அம்மாவுக்கு மிஞ்சி ஆளில்லை. அருங்காட்சியகத்தின் பின்கட்டில் அவரிடம் இரண்டு பேர் வேலை கற்றார்கள். பழைய உருப்படிகளைப் பிரித்து, மறுபடி தைக்கும் வேலை. இருதயராஜுக்கு நம்பட் கிடைத்தது. தில்லைநாயகிக்கு நத்தைகுத்தி நாரை.

நம்பட் ஆஸ்திரேலியாவின் பைப்பாலூட்டி. கங்காருவுக்குத் தூரத்து உறவு. உலகத்தில் கொஞ்சமே மிச்சம் என்பதால் அதன் சீட்டில் சிவப்புப் பொட்டு. நாரை பறவை வகுப்பு. வயலுக்கு வயல் நிற்பது. அதற்குப் பச்சைப் பொட்டு.

சிவப்புப் பொட்டு உள்ளதை அம்மா பக்கத்தில் இல்லாமல் தொடக் கூடாது. வேலை நின்றால் இருட்டறையில் வைத்துப் பூட்டிவிட வேண்டும்.

அதனால் அம்மா எந்நேரமும் இருதயராஜின் மேசையில்தான். நாயகியைத் தாண்டும்போது, "நல்லாருக்கு" என்று ஒரு சொல். அவ்வளவுதான்.

"பைப்பாலூட்டின்னு பேரு. வயித்துல பையே கிடையாது. அதுக்குப் போய் இந்தச் சீராட்டு" என்றாள் நாயகி.

"உன் நாரைக்குந்தான் மூக்கு சேந்து மூடாது. நான் ஏதாவது சொன்னேனா?" என்றான் இருதயராஜ்.

அம்மா சிரித்துவிட்டார். தன் நாரையைச் சொன்னதற்குக்கூட அவன் பக்கம் திரும்பியே அவர் சிரித்தது நாயகிக்குச் சுருக்கென்றது.

மத்தியானம் அம்மாவும் இருதயராஜும் சாப்பிடப் போனார்கள். நாயகி பச்சைப் பொட்டை நகத்தால் சுரண்டி எடுத்தாள். சிவப்பை ஒட்டினாள்.

திரும்பி வந்த அம்மா நேராக அவள் மேசைக்கு வந்தார். சீட்டைப் பார்த்தார். நாரையை இரண்டு கையாலும் அலுங்காமல் தூக்கிக்கொண்டு இருட்டறைக்கு நடந்தார். நாயகி பின்னாலேயே ஓடினாள்.

"அம்மா, கழுத்துத் தையல் பாக்கியிருக்கே."

"வேணாம். ஊசி தப்பாப் போச்சுன்னா வேற நாரைக்கு எங்க போறது?"

"என்னம்மா நீங்க! ஏரிக்கரைல போய்ப் பாருங்க, கூட்டங்கூட்டமா நிக்குது."

அம்மா கதவைச் சாத்திப் பூட்டினார். சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"அது அத்தனையும் சாகட்டும்னுதானே ஒட்டியிருக்கே?"