நின்று ஊதிய தவளை

தாழங்குளத்துத் தவளைகள் நடந்துகொண்டே வாசிக்கும். உட்கார்ந்த இடத்தில் கத்துகிற தவளைகள் எந்தக் குட்டையிலும் உண்டு. இவை அப்படி அல்ல. முன்வரிசை நாணல் குழல் ஊதும். பின்வரிசை தொண்டைப் பையை உப்பவைத்து மத்தளம்போல் முழங்கும். எல்லாக் கால்களும் ஒன்றாக எழும், ஒன்றாக மண்ணைத் தொடும்.

மழை ஓய்ந்ததும் குளத்துக் கரையில் அணிநடைப் போட்டி நடக்கும். நண்டுகள் கொடுக்குகளைத் தாளமாகத் தட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடந்து வரும். சில்வண்டுகள் சுருதி சேர்த்துக்கொண்டு ஊர்ந்து வரும். ஆனால் காடே திரண்டு வருவது தவளை அணியைப் பார்க்கத்தான்.

அந்த அணிக்கு முதல் ரசிகன் சிலுப்பன் என்ற முள்ளம்பன்றி. தவளைகள் கரையேறினால் போதும், அவன் முட்கள் கலகலவென்று ஆடும். அதுதான் அவன் கைதட்டல்.

சிலுப்பன் வெறும் ரசிகன் அல்ல. ஒரு காலத்தில் தவளைகள் வாசித்துக்கொண்டு போகும்போதே நாரைகள் கொத்தித் தின்னும். கரையின் இந்த முனையில் புறப்பட்ட வரிசையின் நீளம் அந்த முனையில் இருக்காது. அப்போது இளைஞனாக இருந்த சிலுப்பன், காட்டில் உள்ள முள்ளம்பன்றிகளை எல்லாம் திரட்டினான். நாரைகள் மீன் பிடிக்கும் ஆழமற்ற துறை முழுவதும் முள்ளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெயிலானாலும் மழையானாலும் எழவில்லை. கால் வைக்க இடமில்லாமல் பட்டினி கிடந்த நாரைகள் கடைசியில் சமரசத்துக்கு இறங்கி வந்தன.

அன்று பிறந்ததுதான் ‘வரிசைக் காப்பு’. போட்டி நாளில், வரிசையில் நடப்பவரை யாரும் தொடக் கூடாது. இதுதான் ஒப்பந்தம். விட்டுக்கொடுத்ததற்கு மரியாதையாக நடுவர் பதவி நாரைக்குப் போயிற்று. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வெற்றியைச் சொல்லிச் சொல்லியே சிலுப்பனுக்கு வயதாகிவிட்டது.

ஒரு நாள் காலை, நடுவர் நாரை வெள்ளைச்சாமி ஒற்றைக் காலில் நின்றபடி அறிவித்தார்.

“பெரியோர்களே! இவ்வாண்டு முதல் ஒரு சிறு திருத்தம். ஒவ்வோர் அணியிலும் மூவர் நடக்க வேண்டியதில்லை. குளத்தின் ஓரக் கற்களில் நின்றபடியே வாசிக்கலாம். நடக்க இயலாத கலைஞர்களும் வாழ வேண்டும் அல்லவா? கருணை ஒன்றே இதற்குக் காரணம்!”

எல்லோருக்கும் உடனே தொந்தியப்பன் நினைவு வந்தது. தவளை அணியிலேயே பெரிய தொண்டை அவனுடையது. அவன் ஒரு முழக்கம் விட்டால் தாமரை இலைமேல் கிடக்கும் தண்ணீர் உருளும். எருமை மிதித்து அவன் பின்னங்கால் நசுங்கிய பிறகு வரிசையில் அவனுக்கு இடமில்லை. சேற்றில் கிடந்து மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“தொந்தியப்பன் திரும்பி வரான்! தொந்தியப்பன் திரும்பி வரான்!” என்று மஞ்சமூக்கி மைனா மரத்துக்கு மரம் பறந்து கூவினாள். அவளும் தவளை அணியின் ரசிகைதான்.

சிலுப்பனுக்குத் தலையில் இடி விழுந்தது போல இருந்தது. வாயில் இருந்த கிழங்கு கீழே விழுந்தது.

“நின்னுகிட்டு ஊதறதா? அதுக்குப் பேரு அணிநடையா?”

“ஏன், நின்னா சத்தம் வராதோ?” என்றாள் மைனா.

“சத்தம் வரும். அணி வராது! நடக்கிறப்போ மூச்சு வாங்கும். அந்த மூச்சுக்குள்ள சுருதி விலகாம ஊதணும். அதான் வித்தை! கல்லு மேல நின்னு ஊத எருமையால கூட முடியும்!”

“எருமை மிதிச்ச காலுக்கு எருமையையே உதாரணம் சொல்றியே, உனக்கு நாக்கா முள்ளா?”

“அடியே, நீ நேத்து முட்டையிலேர்ந்து வந்தவ. உனக்கு என்ன தெரியும்!”

“ஆமாம்யா, நீ மட்டும்தான் காட்டையே கட்டிக் காப்பாத்தின! போய்யா, முள்ளு மூட்டை!”

அன்றே காடு இரண்டாகப் பிரிந்தது. சிலுப்பன் பக்கம் நடைக்கட்சி. மைனா பக்கம் நிலைக்கட்சி. நடைக்கட்சி முயல்கள் நிலைக்கட்சி முயல்களோடு ஒரே புல்வெளியில் மேய மறுத்தன. ஒரு மரங்கொத்தித் தம்பதி ஆளுக்கொரு பொந்து தேடிப் போனார்கள். குரங்குகள் எந்தக் கட்சி என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு பக்கமும் பழக்கொட்டை வீசின.

சிலுப்பன் ஒரு முழக்கம் கட்டினான். அது காட்டுத் தீயாகப் பரவியது.

“நிற்கிறவன் அணிக்காரன் அல்ல! நிற்கிறவன் அணிக்காரன் அல்ல!”

நடுவர் வெள்ளைச்சாமி இரு கட்சிக் கூட்டங்களுக்கும் வந்தார். இரண்டிலும் கண்ணை மூடிக் கேட்டார். இரண்டிலும் தலையாட்டினார்.

ஒரு மாலை தொந்தியப்பன் சிலுப்பனின் வளைக்கு நொண்டி நொண்டி வந்தான்.

“அண்ணே, கொஞ்சம் பேசணும்.”

“வாப்பா. உன்மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. இது கொள்கை.”

“உங்க கொள்கைக்குக் கால் இருக்கு அண்ணே. எனக்கு இல்லையே.”

சிலுப்பன் மண்ணைக் கிளறினான்.

“நான் அதுக்கு வரல,” என்றான் தொந்தியப்பன். “நடுவர் என்னை நிக்கச் சொல்லியிருக்கிற கல்லைப் போய்ப் பார்த்தேன். கரையிலேர்ந்து தள்ளி, தண்ணிக்குள்ள தனியா இருக்கு. எனக்கு ஏனோ பயமா இருக்கு. நீங்க முன்னாடி துறையில உட்கார்ந்த மாதிரி, அன்னிக்குப் பக்கத்துல வந்து உட்காருவீங்களா?”

“உன் பக்கத்துல நானா? நான் உட்கார்ந்தா இந்த விதியை நானே ஏத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நாளைக்கு மைனா கூட்டம் என்னைப் பார்த்துச் சிரிக்கும்!”

“சிரிக்கட்டுமே அண்ணே.”

“முடியாது தம்பி. நிற்கிறவன் அணிக்காரன் அல்ல. இதை உன் முகத்துக்கு நேரா சொல்றதுக்கு எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா சொல்லித்தான் ஆகணும்.”

தொந்தியப்பன் வந்த வழியே நொண்டிக்கொண்டு போனான்.

அடுத்து அவன் மைனாவிடம் போய் அதையே கேட்டான்.

“பயமா? நீ இப்பப் பின்வாங்கினா சிலுப்பன் ஜெயிச்ச மாதிரி ஆயிடும்!” என்று மைனா சிறகை உதறினாள். “தைரியமா ஏறி நில்லு. நாங்க இருக்கோம்!”

போட்டி நாள் வந்தது.

கரையெங்கும் கூட்டம். தவளை அணியின் தலைவி பச்சையம்மாள் வரிசையைச் சரிபார்த்தாள். ஓரக் கற்களில் மூவர் ஏறினார்கள். நடுக்கல்லில் தொந்தியப்பன். அவனுக்கு இரு பக்கமும் உள்ள கற்களில் குழல் ஊதும் அக்காவும் தங்கையும். கற்களுக்குச் சற்றுத் தள்ளி, நடுவருக்கே உரிய இடத்தில், வெள்ளைச்சாமி முழங்கால் தண்ணீரில் நின்றார்.

“நடைக்கட்சியே! திரும்பு!” என்று சிலுப்பன் கத்தினான்.

கூட்டத்தில் பாதி குளத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றது. அதுதான் சிலுப்பன் திட்டமிட்ட போராட்டம். கேட்போம், ஆனால் பார்க்க மாட்டோம்!

“மானங்கெட்ட முதுகுகளே! திரும்புங்கடா!” என்று நிலைக்கட்சி பாய்ந்து வந்தது. மைனா சிலுப்பனின் முகத்துக்கு நேராகப் பறந்து பறந்து திட்டினாள். இரு கட்சிக்கும் குளம் இருக்கும் திசையே மறந்து போயிற்று.

பச்சையம்மாள் கையை உயர்த்தினாள். வரிசை புறப்பட்டது. குழல்கள் எழுந்தன. பிறகு வந்தது தொந்தியப்பனின் முழக்கம்.

மண் அதிர்ந்தது. அந்த அதிர்வு சிலுப்பனின் உள்ளங்கால் வழியாக ஏறி நெஞ்சுக்குள் போயிற்று. நாட்கணக்கில் சேற்றில் கிடந்த தொண்டையா இது? அவன் முட்கள் தாமாக ஆடத் தொடங்கின. பல்லைக் கடித்து அவற்றை அடக்கினான். கொள்கை! கொள்கை!

இன்னொரு முழக்கம். அதற்கு மேல் இன்னொன்று.

நான்காவது பாதியில் அறுந்தது.

சிலுப்பன் துள்ளிக் குதித்தான்.

“பார்த்தீங்களா! பார்த்தீங்களா! நான் என்ன சொன்னேன்? நின்னு ஊதினா அணி வராதுன்னு சொன்னேனா இல்லையா? மைனா, எங்க போனான் உன் தொந்தியப்பன்?”

மைனா சிலுப்பனின் தலைக்கு மேலாகக் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அலகு திறந்தபடி இருந்தது.

சிலுப்பன் திரும்பினான்.

நடுக்கல் காலியாக இருந்தது. வெள்ளைச்சாமி கழுத்தை வானத்துக்கு நீட்டியிருந்தார். அவர் அலகின் நுனியில் நசுங்கிய பின்னங்கால் ஒன்று தொங்கியது. ஒரு முறை உதறியது. பிறகு அதுவும் உள்ளே போயிற்று.

நண்டுகள் தூக்கிய கொடுக்கைத் தூக்கியபடி நின்றன. சிலுப்பனுக்குக் கண் பார்த்ததை மனம் நம்ப மறுத்தது. போட்டி நாளில்! நடுவரே! காப்பு இருக்கும்போதே!

“காப்பு! காப்பை மீறிட்டீரே!” என்று அவன் அலறினான்.

வெள்ளைச்சாமி அலகைத் தண்ணீரில் நனைத்துச் சுத்தம் செய்துகொண்டார்.

“எந்தக் காப்பை மீறினேன்? வரிசையில் நடப்பவரைத் தொடக் கூடாது என்பதுதானே ஒப்பந்தம்? அவர் நடக்கவில்லையே.”

“அவன் எங்க அணிக்காரன்!”

“அப்படியா? நிற்கிறவன் அணிக்காரன் அல்ல என்று இந்தக் காடு முழுவதும் கத்தியவர் தாங்கள்தானே? நான் இரண்டு கூட்டத்துக்கும் வந்தேன். இரண்டு மணி நேரம் பேசினீர்கள். சுருதி என்றீர்கள். மூச்சு என்றீர்கள். புதுமை என்றீர்கள். மரபு என்றீர்கள். நிற்பவருக்குக் காப்பு உண்டா என்று ஒருவராவது கேட்டீர்களா? கேட்டிருந்தால் பதில் சொல்ல நான் கடமைப்பட்டவன்.”

சொல்லிவிட்டு அவர் அடுத்த கல்லை நோக்கி ஓர் எட்டு வைத்தார். அங்கே அக்கா தவளை வாயில் குழலோடு உறைந்து போயிருந்தாள்.

அந்த ஓர் எட்டைத்தான் பச்சையம்மாள் பார்த்தாள்.

“வரிசை! தண்ணிக்குள்ள இறங்கு! வாசிப்பை நிறுத்தாதே!”

அணி கரையை விட்டு இறங்கியது. கழுத்தளவு தண்ணீரில் நடந்தது. வாசித்துக்கொண்டே இரண்டு கற்களையும் சுற்றி வளைத்து நடந்தது. நாரைக்கும் கற்களுக்கும் நடுவே இப்போது நடக்கும் வரிசை இருந்தது. வெள்ளைச்சாமி கழுத்தை இங்கும் அங்கும் நீட்டிப் பார்த்தார். எங்கே கொத்தினாலும் நடப்பவர் மேல் பட்டுவிடும்.

அடுத்த நொடி சிலுப்பன் குளத்தில் பாய்ந்தான். ஒரு முள் விடாமல் விரித்துக்கொண்டு நாரையின் கால்களை நோக்கி ஓடினான். மைனா அவன் தலைக்கு மேல் பறந்து நாரையின் கண்ணைக் குறிவைத்தாள். அவர்களுக்குப் பின்னால் நடைக்கட்சி, நிலைக்கட்சி எல்லாம் தொபுக்கென்று குதித்தன.

வெள்ளைச்சாமி சிறகை விரித்தார். “விதியை மதிக்கத் தெரியாத கூட்டம்!” என்று சொல்லிவிட்டு எழும்பிப் பறந்தார்.

அக்காவும் தங்கையும் பிழைத்தார்கள். பச்சையம்மாள் வாசிப்பை நிறுத்தச் சொன்னாள். நடுக்கல்லின் முன்னால் நின்று கூட்டத்தைப் பார்த்தாள்.

“நீங்க எல்லாரும் எங்களுக்காகத்தானே சண்டை போட்டீங்க?” என்று கேட்டாள். “இவ்வளவு பேர்ல ஒருத்தராவது அவனைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்களா?”

“பக்கத்துல வந்து உட்காரச் சொல்லி எங்கிட்ட கேட்டான்,” என்றான் சிலுப்பன், முட்களை மடக்கிக்கொண்டு.

“அவன் எங்கிட்டயும் வந்தான்,” என்றாள் மைனா மெதுவாக.

வெள்ளைச்சாமி இப்போது மேற்கே வேறொரு குளத்தில் நடுவராக இருக்கிறாராம். அங்கேயும் ஒரு சிறு திருத்தம் அறிவித்திருக்கிறாராம். அது இசைக்கு நல்லதா கெட்டதா என்று அந்தக் குளத்து ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்கிறார்களாம்.

ஒரு விதி மாறும்போது, அது அழகா இல்லையா என்று நமக்குள் அடித்துக்கொள்வதற்கு முன், அதைக் கொண்டுவந்தவருக்கு என்ன பசி என்று கேட்க வேண்டும்.