முப்பத்தேழு சான்றிதழ்கள்

முப்பது வருஷம் தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சவரிராயன், ஐம்பத்தொன்பதாம் வயதில் ஆசிய வணிக ஒப்பந்தங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய உட்கார்ந்தார். அவருக்கு வழிகாட்டி பேராசிரியர் மெஹருன்னிசா. அவரைவிடப் பதினாறு வயது இளையவர்.

ஒரு நாள் சவரிராயன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

“மேடம், கிழக்கே ஒரு நாட்டோட வணிக ஒப்பந்தம் போட்டோமே, அந்த நாட்டுலேருந்து வர்ற முந்திரிக்கொட்டை இப்ப நாலு மடங்கு. எல்லாம் ஒப்பந்தத்தால. வர்ற வெள்ளிக்கிழமை டெல்லிக் கருத்தரங்குல கட்டுரை வாசிக்கக் கூப்பிட்டிருக்காங்க.”

“சந்தோஷம் அண்ணாச்சி. நான் துறைமுகத்துக்குள்ள போனதில்ல, நீங்க சொல்லுங்க. ஒப்பந்தம் இருந்தா வரி தானாக் குறைஞ்சிடுமா?”

“அதெப்படி? கொட்டை அந்த நாட்டுல விளைஞ்சதுதான்னு பிறப்பிடச் சான்றிதழ் காட்டணும்.”

“எத்தனை பேர் காட்டினாங்க?”

சவரிராயன் அதை எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

மறுநாளே பழைய அலுவலகத்துக்குப் போய்க் கோப்புகளை இறக்கினார். மூன்று நாள் ஆயிற்று. பக்கத்து மேசை இசக்கிமுத்துவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“வே சவரி, ‘அந்தப் பேப்பருக்கு நாயா அலைய வேண்டாம், முழு வரியக் கட்டிச் சரக்க எடும்’னு எல்லார்ட்டயும் சொன்னதே நீருதான! இப்ப அதையே தேடுதீரு!”

சவரிராயனுக்குக் காது சுட்டது. ஆனாலும் கடைசிக் கோப்புவரை எண்ணிவிட்டுத்தான் எழுந்தார்.

புதன்கிழமை பேராசிரியர் முன்னால் போய் நின்றார்.

“நானூத்திப் பன்னெண்டு சரக்கு மேடம். சான்றிதழ் காட்டினது முப்பத்தேழு. மத்ததெல்லாம் முழு வரி கட்டி வந்தது. ஒப்பந்தம் இல்லாட்டியும் வந்திருக்கும்.”

“ரெண்டு தடவை எண்ணினீங்களா?”

“மூணு.”

“அப்ப அந்த நாலு மடங்கு?”

“கட்டுரையிலேருந்து அடிச்சிட்டேன்.”

உட்காரச் சொல்லியும் அவர் உட்காரவில்லை.

“இன்னொண்ணு மேடம். உங்க புத்தகத்துல இருக்கிற வழியிலதான் கணக்குப் போட்டேன். அதுலயும் சான்றிதழ எண்ணல. என்னுது தப்புன்னா... டெல்லிக்கு நான் போகல. உடம்பு சரியில்லன்னு சொல்லிடுறேன்.”

மெஹருன்னிசா அலமாரியிலிருந்து தன் புத்தகத்தை எடுத்தார். ஒரு பக்கத்தைத் தேடிப் பிரித்தார். அதில் ஒரு பத்தியைக் குறுக்கே அடித்தார். ஓரத்தில் ‘412-க்கு 37’ என்று எழுதி, புத்தகத்தை அவர் கையில் கொடுத்தார்.

“போங்க அண்ணாச்சி. இந்தப் பக்கம் தப்புன்னு அங்க சொல்லுங்க. அதைச் சொல்றதுக்கு முன்னால, நீங்க என் மாணவர்னு சொல்லுங்க.”