மீதி ரெண்டு செகண்ட்

குருவுக்கு வயது இருபத்தாறு, சீடருக்கு ஐம்பத்து மூன்று. இருவருக்கும் இதில் சங்கடம் எதுவும் இருந்ததில்லை. பார்க்கிறவர்கள்தான் சிரித்தார்கள்.

குருவின் பெயர் மோகனப்பிரியா. நாமக்கல்லில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கேம் விளையாடுவாள், அதைப் படம் பிடித்து யூடியூபில் போடுவாள். நாலரை லட்சம் பேர் அவள் சேனலைப் பார்க்கிறார்கள். இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று கேட்ட அதே மாமா இப்போது கல்யாண வீடுகளில் அவளைக் கூப்பிட்டு அறிமுகப்படுத்துகிறார்.

சீடர் சென்னியப்பன், இருபத்தேழு வருஷம் லாரி ஓட்டியவர். முதுகெலும்பில் ஜவ்வு விலகிவிட்டது. இனிமேல் வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எட்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். பிறகு அவர் மகள் தன் பழைய கம்ப்யூட்டரில் லாரி ஓட்டும் கேம் ஒன்றைப் போட்டு, மேஜையில் ஒரு சின்ன ஸ்டீயரிங்கையும் மாட்டிக் கொடுத்தாள். நம் ஊர்ப் பிள்ளைகள் யாரோ அந்தக் கேமுக்குள் தமிழ்நாட்டுச் சாலைகளை அப்படியே செய்து வைத்திருந்தார்கள். முதல் நாள் ஈரோட்டிலிருந்து கரூர் வரை ஓட்டிவிட்டு மனுஷன் வாய்விட்டு அழுதார்.

அதிலிருந்து தினமும் மத்தியானம் மூன்றரைக்கு நேரலை. ஓட்டிக்கொண்டே பழைய ரோட்டுக் கதைகள் சொல்வார். ஐந்தாறு பேர் வருவார்கள். ஒரு நாளும் தவறாமல் வந்தவர் தஸ்தகீர் பாய். காயல்பட்டினத்துக்காரர், ஓமனில் தொழிலாளர் முகாம் ஒன்றில் சமையல் வேலை. மதியச் சாப்பாடு பரிமாறி முடித்ததும் அவரும் அதே கேமுக்குள் ஒரு லாரியை எடுத்துக்கொண்டு சென்னியப்பனோடு வருவார். பதினாலு மாதமாக இரண்டு லாரியும் சேர்ந்தே ஓடின.

இருவருக்குள்ளும் ஒரு கட்டுப்பாடு உண்டு. லாரி கவிழ்ந்தால் பொத்தானை அழுத்தி நிமிர்த்திக்கொள்ளக் கூடாது. சரக்கு ஏற்றிய ஊருக்கே போய் முதலிலிருந்து வர வேண்டும். ரோட்டில் விழுந்தவனுக்குப் பொத்தான் கிடையாது என்பார் சென்னியப்பன்.

சேனலை வளர்க்க வேண்டும் என்று ஆசை வந்து அவர் மோகனப்பிரியாவிடம் போனார். அவள் முதல் நாளே சொன்னாள்:

"ஒரு மணி நேரம் யாரும் பாக்க மாட்டாங்கண்ணா. வெட்டுங்க. அறுபது செகண்டுக்குள்ள இருக்கோணும். முதல் மூணு செகண்டுல ஆள் நிக்கோணும். அப்பறம் போனை எல்லாரும் நிமித்தித்தான் புடிக்கறாங்க, அதனால ரெண்டு ஓரத்தையும் வெட்டிட்டு நடுவுல மட்டும் வெச்சுக்குங்க."

சென்னியப்பன் நோட்டில் எழுதிக்கொண்டார். வீட்டுக்குப் போய் வெட்டினார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சீப்புக் கற்பூரவள்ளிப் பழத்தோடு படியேறி வந்தார். படியேறுவது அவருக்குச் சுலபமில்லை. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வந்தார்.

"அம்மிணி, உங்க புண்ணியத்துல ஒரு வீடியோ மூணு லட்சம் பேரு பாத்துட்டாங்க. வாத்தியாருக்கு வெறுங்கையோட வரக்கூடாதுன்னு பழம் கொண்டாந்தனுங்க."

"பாத்தனுங்ணா. திம்பம் மலையில பிரேக் புடிக்காம எறங்குற வண்டி. ரொம்ப நல்லா வெட்டியிருந்தீங்க."

அவர் உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கோணுமுங்க. மூணு லட்சம் பேரு வந்தாங்க. நேரலையில ஒருத்தரும் தங்கலீங்க. நேத்து நானும் சுவருந்தான். மறுபடியும் பழைய மாதிரி படுத்துக்குவனோன்னு பயமா இருக்குதுங்க."

"ஒருத்தருமா வரல?"

"தஸ்தகீர் பாய்கூட ஒம்பது நாளா வரலீங்க. என்ன கோளாறுன்னு நீங்கதான் சொல்லோணும்."

மோகனப்பிரியா பழத்தை வாங்கி மேஜையில் வைத்தாள். "வெட்டாத வீடியோ இருக்குதுங்களா?"

பெருவிரல் அளவு பென் டிரைவை அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் அதைச் செருகி, திரை முழுக்க அகலமாக ஓடவிட்டாள்.

மலை. இறக்கம். சென்னியப்பனின் சிவப்பு லாரி நடுவில் தறிகெட்டு ஓடுகிறது. இதுவரைக்கும் மூன்று லட்சம் பேர் பார்த்ததுதான். ஆனால் இந்தப் படத்தில் வலது ஓரத்தில் இன்னொரு லாரி இருந்தது. நீல லாரி. பள்ளத்துப் பக்கமாக ஏறி வந்து சிவப்பு லாரியின் விலாவில் அணைந்து, அதை மலைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே கூடவே இறங்கியது.

ஒரு குரலும் கேட்டது. வெட்டிய வீடியோவில் அந்த இடத்தில் பாட்டு போட்டிருந்தார்.

"அண்ணே, இடது பக்கம் ஒடிங்க! பயப்படாதீங்க, நான் இருக்கேன்!"

சிவப்பு லாரி பாறையில் உரசி உரசி வேகம் குறைந்து நின்றது. வளைவில் நீல லாரிக்கு இடமில்லை. சக்கரம் விளிம்பைத் தாண்டியது, அப்படியே பள்ளத்தில் போனது. கொஞ்ச நேரம் கழித்து அதே குரல் சிரித்தது. "சரிண்ணே, நான் சரக்கு ஏத்துன மைசூருக்கே போறேன். நீங்க தூத்துக்குடி போய்ச் சேருங்க."

மோகனப்பிரியா படத்தை நிறுத்தினாள். அடுத்து, வெட்டிய வீடியோவைத் திறந்தாள். ஓரம் இல்லை, நீல லாரியும் இல்லை. கீழே இரண்டாயிரத்துச் சொச்சம் கருத்துகள்.

"தனி ஆளா நிப்பாட்டிட்டாருய்யா" என்று ஒருவர் எழுதியிருந்தார். சென்னியப்பன் அதற்கு ஹார்ட் போட்டிருந்தார். "இதுதான் அனுபவம், ஒத்தை ஆளு" என்றது இன்னொன்று. அதற்கும் ஹார்ட். அவள் மெதுவாகக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். ஹார்ட், ஹார்ட், ஹார்ட். ரொம்பக் கீழே ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"படிங்கண்ணா."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "மாஷா அல்லாஹ், அருமையா வந்திருக்குண்ணே. உங்க வண்டி நின்னதுல ரொம்ப சந்தோஷம். தஸ்தகீர்."

அதில் ஹார்ட் இல்லை.

"இது என் கண்ணுலயே படலீங்க அம்மிணி."

"ம்."

"சத்தியமாப் படலீங்க. அவ்வளவு பேரு பாராட்டறப்ப…"

"ஓரத்தை வெட்டச் சொன்னது நாந்தானுங்ணா. ஓரத்துல யாரு நிக்கறாங்கன்னு பாத்துட்டு வெட்டுங்கன்னு சொல்லல. அது என் தப்பு."

சென்னியப்பன் அப்போதுதான் உட்கார்ந்தார். முகம் சிறுத்துப் போயிருந்தது.

"இந்த வீடியோவை எடுத்துரட்டுங்களா?"

"எடுத்தா பாய் பள்ளத்துல இருந்து மேல வந்துருவாருங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் ஒரு பழத்தை உரித்து அவர் கையில் கொடுத்தாள்.

"அண்ணா, நிஜ ரோட்டுல ஒண்ணு கேக்கறேன். மலையேறும்போது எதுத்தாப்புல வர்றவன் ஒதுங்கி நின்னு உங்களுக்கு வழி விடறான். நீங்க என்ன பண்ணுவீங்க?"

"கையைக் காட்டுவனுங்க. கை ஒழியலன்னா ரெண்டு ஹாரன், சின்னதா. அதுகூட அடிக்காமப் போறவன் டிரைவரே இல்லீங்க."

"ரெண்டு ஹாரனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"அது என்னங்க, ஒரு செகண்டு. இழுத்து அடிச்சா ரெண்டு."

"உங்க வீடியோ எத்தனை செகண்டு?"

"அம்பத்தெட்டுங்க."

"நான் எத்தனை சொன்னேன்?"

"அறுபது."

பாதிப் பழம் கையில் இருக்க, சென்னியப்பன் மீதி ரெண்டையும் விரலில் எண்ணினார்.

மறுநாள் மூன்றரைக்கு மோகனப்பிரியா தன் வேலையை நிறுத்திவிட்டு அவருடைய நேரலையைத் திறந்தாள். அவளைச் சேர்த்து மூன்று பேர் இருந்தார்கள். சிவப்பு லாரி திண்டுக்கல்லைத் தாண்டி நின்றது. தூத்துக்குடிக்குப் பாதி வழிக்கு மேல் வந்தாயிற்று. சென்னியப்பன் வரைபடத்தைத் திறந்தார். வடக்கே, மைசூர் ரோட்டில் தஸ்தகீர் பாயின் லாரியைக் காட்டும் பச்சைப் புள்ளி தன்னந்தனியாக நகர்ந்துகொண்டிருந்தது. ஒன்பது நாளாக அது அந்த ரோட்டில்தான் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது. அவர்தான் வரைபடத்தைத் திறக்கவில்லை. பார்வைக் கணக்கைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்கறவங்க மன்னிக்கோணும். வண்டியைத் திருப்பறனுங்க" என்றார்.

ஏற்றிய சரக்கோடு திருப்பினார். பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், ஏன் திரும்புகிறீர்கள் என்று எழுதினார். அந்த மூன்று பேருக்கும் அவர் எல்லாவற்றையும் சொன்னார். வலது ஓரத்தில் ஒரு நீல லாரி இருந்தது, அதை நான் வெட்டிவிட்டேன், எனக்குக் கிடைத்த பாராட்டில் முக்கால்வாசி அவருடையது என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். கரூர், ஈரோடு, சத்தியமங்கலம் என்று மூன்று மத்தியானம் ஓட்டினார். மூன்றாம் நாள் மலையடிவாரத்தில் வண்டியை ஓரங்கட்டி நின்றார். பச்சைப் புள்ளி கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றாக இறங்கி வந்தது.

நீல லாரி எதிரே வந்து நின்றது.

"அண்ணே!" தஸ்தகீர் பாயின் குரலில் திகைப்பு. "தூத்துக்குடியில இருக்க வேண்டிய ஆளு, இங்க என்ன செய்றீங்க?"

"ஒண்ணு மறந்துட்டனுங்க பாய். அதைக் குடுத்துட்டுப் போலாமுன்னு வந்தேன்."

ரெண்டு ஹாரன் அடித்தார். சின்னதாகத்தான் அடித்தார்.

அந்தப் பக்கமிருந்தும் ரெண்டு ஹாரன் கேட்டது.

"நானே மறந்துட்டேன்ணே அதை" என்றார் பாய். "உங்ககூட ஓடுற ரோட்டுலதான் எனக்கு ஊர் ஞாபகமே வருது. எனக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

நாமக்கல் மாடியில் மோகனப்பிரியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்படி ஒரு சீடர் தனக்குக் கிடைத்தாரே என்று இருந்தது அவளுக்கு.

அடுத்த வாரம் சென்னியப்பன் மறுபடி படியேறி வந்தார். இந்த முறையும் பழம். முகம் தெளிந்திருந்தது.

"ரெண்டு வண்டியும் சேந்தே கரூரு தாண்டியாச்சுங்க. பாய் வெக்கிற மீன் குழம்புப் பக்குவமெல்லாம் வழியில சொல்லிட்டு வர்றாரு. உங்களுக்கு ரெண்டு பேரும் கும்புடு போட்டமுன்னு சொல்லச் சொன்னாரு."

"நேத்து எத்தனை பேருங்ணா இருந்தாங்க?"

"பதினேழுங்க. வண்டியைத் திருப்புன அன்னிக்கு இருந்தவங்க போய் வேற ஆளுங்ககிட்டச் சொல்லியிருக்காங்க. ஒரு அம்மா பாத்திரம் கழுவிக்கிட்டே கேக்குறாங்களாம். ஒரு தம்பி ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுப் பாக்குறான், அவனுக்கும் முதுகுதான்." சொல்லும்போதே அவர் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு, நோட்டையும் பேனாவையும் எடுத்து மடியில் வைத்தார். ஆசை லேசில் விடுமா?

"ஆனாலும் மூணு லட்சம் எங்கீங்க, பதினேழு எங்கீங்க. இந்தப் பதினேழைப் பதினெட்டாக்கறதுக்கு ஏதாவது வழி சொல்லுங்க அம்மிணி. எழுதிக்கறேன்."

மோகனப்பிரியா அவர் மடியிலிருந்த பேனாவை எடுத்து மூடினாள்.

"முதல்ல பதினேழு பேருக்கும் ஹாரன் அடிச்சுட்டு வாங்கண்ணா. பதினெட்டாவது ஆளைப் பத்தி அப்பறம் பேசலாம்."