கரடியின் மீன்தொட்டியும் கொக்கின் பழியும்

இந்தக் கதையைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பின்னால் வரவேண்டியதை முன்னால் சொல்லிவிடுவேன். கேட்பவர்கள் அதை அப்படியே செய்து, ஓர் உயிர் போய்விட்டால் பாவம் எனக்குத்தான். அதனால் கரடியை முதலில் சொல்கிறேன். பிறகு மீன்கள். கொக்கைக் கடைசியில் சொல்கிறேன்.

மலையடிவாரக் குகை ஒன்றில் ஒரு பெண் கரடி இருந்தது. அது தேன் குடிக்கும், கரையான் தின்னும். மீன் தின்னாது. ஒரு மழைக்காலத்தில் வெள்ளம் வடிந்த சேற்றில் நான்கு தங்கமீன்கள் துடித்துக்கொண்டு கிடந்தன. கரடி அவற்றை எடுத்துவந்து, குகை வாசலில் இருந்த கல்தொட்டியில் விட்டது. எறும்பு முட்டை போட்டு வளர்த்தது. மீன்கள் அதை "அம்மா" என்றே கூப்பிட்டன.

இப்போது தொட்டியில் மூன்று மீன்கள்தான் இருந்தன. நான்காவது, சின்ன மீன், போன போகி அன்று செத்துப்போனது.

"எல்லாம் அந்தக் கொக்குக் கண்ணு!" என்றது கரடி. "ஒத்தைக் கால்ல நின்னு பார்த்துப் பார்த்தே என் சின்னவளைக் கொன்னுட்டான்!"

இதோ, கொக்கு அதற்குள் வந்துவிட்டது. பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

தொட்டிக்கு எதிரே ஒரு பாறை உண்டு. கொக்கு தினமும் அதில் வந்து நிற்கும். மீன்களைப் பார்க்கும். அது உண்மைதான்.

"கண்ணாலயே தின்ன முடியும்னா, நான் ஏன் தாயே இப்படி எலும்பும் தோலுமா நிக்கிறேன்?" என்று கேட்டது கொக்கு.

கரடி கல்லை எடுத்து எறிந்தது. பிறகு ஒரு காட்டுப் பூசணிக்காயில் கண்ணும் மீசையும் வரைந்து, திருஷ்டி படாமலிருக்கத் தொட்டிக்கு மேலே கட்டித் தொங்கவிட்டது. கொக்கு பூசணிக்காயைப் பார்த்தது. பூசணிக்காயும் கொக்கைப் பார்த்தது.

இந்தப் பேச்சு காடு முழுக்கப் பரவியது. எந்தக் குளத்திலும் கொக்கை நிற்க விடவில்லை. "கண்ணால கொல்ற கொக்கு வருது!" என்று தவளைகள் தண்ணீருக்குள் குதித்தன. தவளைகள் எப்போதும் குதிப்பவைதான். இப்போது காரணம் சொல்லிவிட்டுக் குதித்தன.

மறுபடியும் போகி வந்தது. காட்டிலும் போகி உண்டு. பழைய சருகுகளைக் கூட்டி எரிப்பார்கள். குகை, பொந்து, புதர் எல்லாவற்றையும் துப்புரவு செய்வார்கள். அதற்கு முதல் நாள் மந்தி கரடி வீட்டுக்கு வந்தது.

"கரடியக்கா, இது மீன்தொட்டியா, கஷாயச் சட்டியா?" என்று மூக்கைப் பொத்தியது. "சுவரெல்லாம் பாசி! காணும் பொங்கலுக்கு நாலு பேர் வந்து பார்த்தா உன்னை என்ன நினைப்பாங்க?"

கரடியின் முகம் சுருங்கிவிட்டது. "நாளைக்குப் பளபளன்னு ஆக்கிடறேன், நீயே வந்து பாரு!"

மூன்று மீன்களில் மூத்தது மினுக்கி. அது தண்ணீருக்கு மேலே தலையை நீட்டியது.

"வேணாம்மா! போன வருஷம் நீ கழுவின அன்னைக்குத்தான் சின்னவ போனா."

"அது கொக்கோட திருஷ்டிடி. அழுக்குல கிடந்தா உங்களுக்கு நோய் வரும்."

"அழுக்கை மட்டும் எடும்மா. எல்லாத்தையும் எடுக்காதே."

"பாதி கழுவினா அது கழுவினதா?" என்றது கரடி.

போகி அன்று காலையில் கரடி தொட்டிக்குள் கையை விட்டது. மீன்கள் மூலைக்கு ஓடின. கரடி மூலைக்குக் கையைக் கொண்டுபோனது. மீன்கள் கல்லுக்கு அடியில் நுழைந்தன. கரடி கல்லை எடுத்து வெளியே வைத்தது.

"ஏன்டி பயப்படறீங்க? அம்மாதானே!"

"இந்தப் பக்கம் அக்கா! இல்ல, அந்தப் பக்கம்!" என்று மந்தி மரத்தில் உட்கார்ந்து கைதட்டியது.

கடைசியில் மூன்றையும் கையால் பிடித்து ஒரு மண்பானையில் போட்டது. பானையில் அப்போதுதான் அருவியிலிருந்து பிடித்த தண்ணீர் இருந்தது. கல்தொட்டியின் தண்ணீர் வெதுவெதுப்பானது. அருவித் தண்ணீரோ பல்லைக் கூச வைக்கும். கரடி பானையை எதிர்ப் பாறையோரம் வெயிலில் வைத்தது. மூடி போடவில்லை.

பிறகு தொட்டியைக் கவிழ்த்தது. பச்சைத் தண்ணீர் வழிந்து ஓடி, கீழே இருந்த பாறைப் பள்ளத்தில் தேங்கியது. கரடி ஒரு கூடைப் பூந்திக்கொட்டையை நசுக்கி நுரை எழுப்பியது. தொட்டியைத் தேய்த்தது. உள்ளே கிடந்த கற்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தது. பாசி முழுக்கப் போய்விட்டது.

"பார்த்தியா மந்தி, முகம் தெரியுது!"

மந்தி எட்டிப் பார்த்தது. "நல்லாத்தான் இருக்கேன்" என்றது.

பானைக்குள் மினுக்கியின் துடுப்புகள் உடம்போடு ஒட்டிக்கொண்டன. மற்ற இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"அம்மா, குளிருது! உடம்பெல்லாம் எரியுது!"

"ஆச்சு, ஆச்சு. இன்னும் ஒரு கல்லுதான்!" என்றது கரடி. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மினுக்கியால் தாங்க முடியவில்லை. ஒரே துள்ளாகத் துள்ளி வெளியே விழுந்தது. விழுந்த இடம் கொக்கு நிற்கும் பாறை. கொக்கின் காலடி.

கரடி திரும்பியபோது மினுக்கி கொக்கின் அலகில் இருந்தது.

"அடப்பாவி! இவளையும் தின்னுட்டியே!"

கொக்கால் பதில் சொல்ல முடியவில்லை. வாயில் மீன் இருந்தது. அது நிதானமாக நடந்து பாறைப் பள்ளத்துக்குப் போனது. தேங்கியிருந்த பச்சைத் தண்ணீரில் மீனை விட்டது. பிறகுதான் பேசியது.

"தின்னுட்டுப் பழி வந்தா ஏத்துக்குவேன் தாயே. தின்னாத மீனுக்கு ஒரு வருஷமாப் பழி சுமக்கிறேன். இன்னொண்ணையும் சுமக்க என்னால ஆகாது." கொஞ்சம் நிறுத்தி, "நாக்குல பட்டது. நல்லாத்தான் இருந்தது. அது வேற விஷயம்" என்றது.

கரடிக்கு எதுவும் காதில் விழவில்லை. "ஐயோ, என் கண்ணு! சேத்துத் தண்ணியில போட்டுட்டானே!" என்று பளபளக்கும் தொட்டியில் அவசரமாகத் தண்ணீரை ஊற்றி, மினுக்கியை அள்ளி அதில் விடப் போனது.

கொக்கு இரண்டு இறக்கைகளையும் விரித்துக் குறுக்கே நின்றது.

"அதுல விடாதே! பூந்திக்கொட்டை நுரை பட்டா மீன் மூச்சு விட முடியாம மிதக்கும்!"

"உனக்கு என்ன தெரியும்?"

"மீன் எப்படிச் சாகும்னு எனக்குத் தெரியாதா தாயே? என் பொழைப்பே அதுதானே!"

கரடியின் கை நின்றுவிட்டது. மினுக்கியைத் திரும்பப் பள்ளத்திலேயே விட்டது. பிறகு மெதுவாகச் சொன்னது. "போன வருஷமும் பூந்திக்கொட்டைதான் போட்டேன்."

"ஆமாம்மா" என்றது மினுக்கி. "சின்னவ மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினாளே, ஞாபகம் இருக்கா?"

"பசின்னு நினைச்சு எறும்பு முட்டை போட்டேனே!"

"பசி இல்லம்மா. மூச்சு முட்டிச்சு."

கரடி விம்மி அழுதது. மந்தி மரத்திலிருந்து சத்தமில்லாமல் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டது.

"அழுறதை அப்புறம் வச்சுக்கலாம்" என்றது கொக்கு. "பானையில இன்னும் ரெண்டு இருக்கு."

கரடி இலைத்தொன்னை ஒன்றைச் செய்தது. இந்தத் தடவை மீன்களைக் கையால் பிடிக்கவில்லை, துரத்தவுமில்லை. தொன்னையைத் தண்ணீருக்குள் அமிழ்த்திக் காத்திருந்தது. மீன் தானாக உள்ளே வந்ததும் தண்ணீரோடு எடுத்து, பள்ளத்தில் மெதுவாக விட்டது. மேலே தேக்கிலைகளைப் பரப்பி நிழல் செய்தது. சாயங்காலத்துக்குள் மூன்று மீன்களின் துடுப்புகளும் விரிந்தன.

தொட்டியைப் பத்து தடவை வெறும் தண்ணீரில் அலசி, நுரைத் தண்ணீரைப் பள்ளத்துப் பக்கம் போகாமல் கொட்டியது. புதுத் தண்ணீரை நிரப்பி அப்படியே விட்டுவைத்தது. காணும் பொங்கல் அன்று கரடி வீட்டைப் பார்க்க வந்தவர்கள், மீன் இல்லாத ஒரு பளபளக்கும் தொட்டியையும் பாறைப் பள்ளத்தில் கலங்கல் தண்ணீரையும்தான் பார்த்தார்கள்.

கரடி அவர்கள் நடுவில் நின்று சொன்னது. "சின்னவளைக் கொன்னது கொக்கு இல்லை. நான்தான். ஆசையாக் கழுவிக் கொன்னேன்."

வந்தவர்கள் கொக்கைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா, தாயே" என்றது கொக்கு. "பின்னாடி தவளைங்க நிக்குது."

கரடி இன்னும் சத்தமாகச் சொன்னது. அன்று பூசணிக்காயை அவிழ்த்து வந்தவர்களுக்குக் குழம்பு வைத்துப் போட்டது.

தொட்டியில் மறுபடி பாசி படிந்ததும் கரடி மீன்களைத் தொன்னையால் எடுத்து அதில் விட்டது. அதற்குப் பிறகு தொட்டியை முழுக்கக் கழுவியதே இல்லை. அடியில் கிடக்கும் கசடை மட்டும், கால்வாசித் தண்ணீரோடு மொண்டு எடுக்கும். அந்தப் பழைய தண்ணீரிலேயே கற்களை அலசும். முதல் நாளே பிடித்துப் பக்கத்தில் வைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றும். மீன்கள் தொட்டிக்குள்ளேயே இருக்கும். கொக்கை மட்டும் அந்த நேரத்தில் எட்ட நிற்கச் சொல்லும். கொக்குக்கு அதில் வருத்தமில்லை.

இதைச் சொல்லி முடித்ததும் எங்கள் வீட்டு மீன்தொட்டி ஞாபகம் வந்தது. நாளைக்கு எங்களுக்கும் போகி. ஒரு வாளித் தண்ணீர் பிடித்து மூடி வைத்தேன். சோப்புத் தூளை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். என்னை எனக்கே நம்பிக்கையில்லை.

ஒருவருக்கு நல்லது செய்ய நினைத்தால், எது அவருக்கு ஒத்துக்கொள்ளும் என்று முதலில் அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்; கேட்காமல் காட்டும் அன்பு உயிரையும் எடுக்கும், பழியையும் அடுத்தவர் தலையில் போடும்.